வாஷிங்டன் போர் நினைவிடங்கள்: கறுப்பு வெள்ளையில் எடுப்பதா, வண்ணத்தில் எடுப்பதா?

#1 | மழைத்தூறல்

வணக்கம். வியட்நாம் போர் நினைவுச் சுவரைப் படமெடுப்பது பற்றி இங்கே தனி இழை இல்லை, அதனால் தொடங்குகிறேன். வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் இருக்கும் நம்மவர்கள் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அங்கே கூட்டிப் போகாமல் இருப்பதில்லை. எல்லோரிடமும் படம் இருக்கிறது, அதில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. கல் கறுப்பு, எழுத்து சாம்பல், விஷயம் சாவு. கை தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது.

எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சுவரின் உயிரே அதன் பளபளப்புதான். மாயா லின் அதை வடிவமைத்தபோது யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பெண். 1981 போட்டிக்கு வந்த 1,421 வடிவங்களில், யார் செய்தது என்று நடுவர்களுக்குத் தெரியாமலே தேர்வானது அவருடையது. பெயரைப் படிக்கக் குனிகிறவர் அந்தப் பெயர்களுக்கு நடுவே தன் முகத்தையும் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் கண்ணாடிபோல் மெருகேறும் கறுப்புக் கல். கல்லுக்கென்று நிறமில்லை. அதில் தெரியும் சிவப்புச் சட்டை, பள்ளிப் பிள்ளைகளின் மஞ்சள் டி-ஷர்ட், அடியில் யாரோ வைத்துவிட்டுப் போன ரோஜா, வானம், புல், எல்லாம் உயிரோடு இருப்பவர்கள் கொண்டுவந்த நிறம். அதை உருவிவிட்டால் போனவர்களும் வந்தவர்களும் ஒரே சாம்பலில் கலந்துவிடுகிறார்கள். நான் வண்ணத்தின் பக்கம். நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள், ஏன் அப்படி என்று எழுதுங்கள்.

#2 | படச்சுருள்

தம்பி, நீங்கள் வண்ணத்துக்குச் சொன்ன அதே காரணத்துக்காகத்தான் நான் வண்ணத்தை எடுத்துவிடுகிறேன்.

58,000-க்கு மேற்பட்ட பெயர்கள். பதவி இல்லை, ஊர் இல்லை, படைப்பிரிவு இல்லை. அகரவரிசைகூட இல்லை, இறந்த நாள் வரிசை. இரண்டு சுவரும் சேரும் மூலையில் தொடங்கி, வலப்பக்கம் கிழக்குச் சுவரின் கடைசிவரை போய், பிறகு மேற்குச் சுவரின் நுனியில் மறுபடி தொடங்கி அதே மூலையில் வந்து முடிகிறது. போரின் முதல் சாவும் கடைசிச் சாவும் பக்கத்துப் பக்கத்தில். எல்லா எழுத்தும் ஒரே உயரம், அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஒருவரையும் முன்னால் நிறுத்தாத சுவர் அது.

அதில் ஒரு சிவப்புச் சட்டை பட்டால் என்ன ஆகிறது? பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். சுற்றுலா வந்த ஒருவர் படத்தின் நாயகர் ஆகிவிடுகிறார், பெயர்கள் பின்னணித் திரை ஆகிவிடுகின்றன. கறுப்பு வெள்ளையில் அந்தச் சட்டையும் சாம்பல்தான், தன் இடத்தில் அடங்கி நிற்கும். நான் இன்னும் ட்ரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை பிலிமில்தான் எடுக்கிறேன். அந்தச் சமநிலையை வண்ணத்தில் கொண்டுவந்த ஒரு படத்தைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

#3 | பொட்டோமாக்கரை

விவாதம் நடக்கட்டும், நான் வெளிச்சம் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இந்தச் சுவரில் எந்த நேரத்தில் எங்கே நிற்கிறோம் என்பதுதான் பாதிப் படம்.

இரண்டு சுவர்கள், ஒவ்வொன்றும் சுமார் 75 மீட்டர் நீளம். சேரும் மூலையில் 3 மீட்டர் உயரம், நுனிகளில் 20 சென்டிமீட்டர்தான். மேற்குச் சுவர் லிங்கன் நினைவகத்தைப் பார்த்து நீள்கிறது, கிழக்குச் சுவர் வாஷிங்டன் தூணைப் பார்த்து. பின்புறம் மண் மேடு, முகம் தெற்கே. அதனால் காலை வெயில் மேற்குச் சுவரில் நேராக விழும், பிற்பகல் வெயில் கிழக்குச் சுவரில். மேற்குச் சுவர் சற்றுத் தென்கிழக்காகத் திரும்பியிருப்பதால் வாஷிங்டன் தூணின் பிம்பம் அந்தக் கல்லில்தான் கிடைக்கும். அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதையும் நடுச்சாம்பலாக்கத்தான் பார்க்கும், கறுப்புக் கல்லையும் வெளுத்துக் காட்டிவிடும். வெளிச்ச அளவை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் குறைத்து வையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). ஃபோகஸ் இன்னொரு விஷயம். எழுத்து கல்லின் மேல் இருக்கிறது, பிம்பம் கல்லுக்குள் வெகு தூரத்தில் இருக்கிறது. எழுத்தில் ஃபோகஸ் வைத்தால் முகம் கலங்கும், முகத்தில் வைத்தால் பெயர் கலங்கும். இரண்டும் வேண்டுமென்றால் லென்ஸின் துளையை எஃப்/11, எஃப்/16 வரை சுருக்கவேண்டும், அகல லென்ஸ் உதவும்.

லென்ஸின் முன்னால் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வளையம் மாட்டியிருந்தால் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நேருக்கு நேர் நின்றால் பெரிதாக ஒன்றும் செய்யாது. சுவரோடு முப்பது முப்பத்தைந்து டிகிரி சாய்ந்து பார்க்கும்போது பிம்பம் முக்காலும் மறைந்து எழுத்து மட்டும் எழுந்து நிற்கும். மழைத்தூறல், படச்சுருள் ஐயா, உங்கள் சண்டையின் ஒரு பகுதி அந்த வளையத்திலேயே தீர்ந்துவிடும். பிம்பம் வேண்டுமா, பெயர் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

#4 | ஓசூர்க்கல்

கல் பற்றி ஒரு வார்த்தை. அது பெங்களூருப் பக்கம் வெட்டியெடுத்த கல். வெர்மாண்ட் மாநிலத்தில் பேரி என்ற ஊரில் அறுத்துப் பாலிஷ் செய்து, டென்னசியின் மெம்பிஸ் நகரத்தில் பெயர் பொறித்தார்கள். எங்கள் குடும்பம் கிரானைட் தொழிலில் இருக்கிறது, அதனால் இதைப் படித்த நாளிலிருந்து அந்தச் சுவர்மேல் எனக்குத் தனிப் பாசம்.

பெயர்கள் உளியால் செதுக்கியவை இல்லை. ஒளி பட்டால் இறுகும் பூச்சைக் கல்லில் தடவி, எழுத்தின் படத்தை அதில் பதித்து, பிறகு மணலைப் பீய்ச்சி அடித்துப் பொறித்தது. அதாவது நாம் படமெடுக்கும் ஒவ்வொரு பெயரும் ஏற்கெனவே ஒரு புகைப்பட வேலையில் பிறந்ததுதான். மெருகான இடம் ஒளியை ஒரே திசையில் திருப்பிவிடும், கறுப்பாகத் தெரியும். மணல் பட்ட இடம் சொரசொரப்பு, ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும், வெளிறித் தெரியும். எழுத்துக்குப் பெயிண்ட் எதுவும் இல்லை.

மழையில் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஈரம் அந்தச் சொரசொரப்பை நிரப்பிவிட்டால் ஒளி சிதறுவது குறையும், எழுத்து மங்கும். கல் இன்னும் ஆழமான கறுப்பாகும், ஆனால் பெயர் படிக்க முடியாது. தூறல் நின்று அரைகுறையாகக் காய்ந்த நேரம் அருமையாக இருக்கும்: ஒரே பலகையில் சில பெயர்கள் தெளிவாகவும் சில அடங்கியும் தெரியும்.

#5 | மழைத்தூறல்

"படச்சுருள் எழுதியது: சுற்றுலா வந்த ஒருவர் படத்தின் நாயகர் ஆகிவிடுகிறார்"

ஐயா, எல்லோரும் சுற்றுலா வந்தவர்கள் இல்லையே. ஒரு பெயரைத் தேடி வந்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் போகிறவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள். அப்படி ஒருவரின் சட்டை நிறம் படத்தில் முன்னுக்கு வந்தால் அதைக் குறையாக நான் எண்ணமாட்டேன். 1982 நவம்பரில் திறந்தபோது 57,939 பெயர்கள். பிறகும் சேர்ந்துகொண்டே வந்தன. இறப்பு உறுதியானவர் பெயருக்குப் பக்கத்தில் வைரக்குறி, காணாமல் போனவருக்குச் சிலுவைக்குறி. உடல் எச்சம் அடையாளம் தெரிந்தால் சிலுவைமேல் வைரத்தைப் பொறித்துவிடுவார்கள். அந்தச் சுவரில் வேலை இன்னும் நடக்கிறது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் எல்லாம் முடிந்துபோன பழங்கதைபோல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. நான் எதிர்ப்பது அதைத்தான்.

#6 | செம்பருத்தி

இரண்டு பேரும் சுவரை மட்டுமே பேசுகிறீர்கள். சற்றுத் தள்ளி மரங்களுக்கிடையே ஃபிரெடரிக் ஹார்ட் செய்த மூன்று வீரர்கள் சிலை, 1984-இல் வைத்தது. அதைக் கறுப்பு வெள்ளையில் போடுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

சுவருக்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. கறுப்பு நிறத்தையே அவமானம் என்றார்கள், வீரன் உருவம் ஒன்றாவது வேண்டும் என்றார்கள். அந்தச் சமரசத்தில் வந்த சிலை இது. ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர், ஒருவர் இஸ்பானிய வம்சாவளி. ஹார்ட் வெண்கலத்தின் மேல்பூச்சிலேயே தோலுக்கும் உடைக்கும் துப்பாக்கிக்கும் வெவ்வேறு சாயல் வரும்படி செய்திருக்கிறார். பழுப்பு, பச்சை, கருமை எல்லாம் நுணுக்கமாகத்தான் தெரியும், ஆனால் தெரியும். மூன்று இனத்தவரும் சேர்ந்து நின்றார்கள் என்று சிற்பி நிறத்தில் சொன்னதை நாம் ஒரு பொத்தானை அமுக்கி அழித்துவிடுகிறோம். இங்கே நிறம் வெளியிலிருந்து வந்து விழுந்தது இல்லை, படைத்தவரே வைத்தது.

மேகமூட்டமான நாளில் எடுங்கள். வெயிலில் வெண்கலம் பளிச்சிட்டு அந்தச் சாயல் வேற்றுமை போய்விடும்.

#7 | படச்சுருள்

செம்பருத்தி அம்மா சொல்வது நியாயம். மூன்று வீரர்களை இனி வண்ணத்தில்தான் எடுப்பேன். சுவர் விஷயத்தில் என் நிலை மாறவில்லை.

#8 | தேன்சிட்டு

நான் கொரியப் போர் நினைவிடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். லிங்கன் நினைவகத்தின் இன்னொரு பக்கம், நடந்து போகிற தூரம். ஃபிராங்க் கேலார்ட் செய்த 19 துருப்பிடிக்காத எஃகுச் சிலைகள். மழை அங்கி போர்த்திக்கொண்டு, ஜூனிபர் புதர்களுக்கும் கிரானைட் பட்டைகளுக்கும் நடுவே ரோந்து போகிற படை. ஆளைவிடப் பெரியவை, ஏழடிக்கு மேல். பக்கத்தில் மெருகேற்றிய கறுப்புச் சுவர், அதில் போர்க்காலப் புகைப்படங்களிலிருந்து எடுத்த 2,400-க்கு மேற்பட்ட முகங்கள் பொறித்திருக்கும். அந்தச் சுவரில் 19 சிலைகளும் பிரதிபலித்து 38 ஆகும். கொரியாவைப் பிரித்த 38-ஆவது அட்சக்கோட்டை நினைவூட்டும் எண்ணிக்கை.

இந்த இழைக்கு இந்த இடம் ஏன் முக்கியம் என்றால், இங்கே எடுத்த ஒரு படத்தின் நிறம் நீதிமன்றம் வரை போனது.

1996 ஜனவரியில் பனிப்புயல் அடித்து ஓய்ந்த சமயம் முன்னாள் மரீன் வீரர் ஒருவர், கொரியப் போரில் இருந்த தன் அப்பாவுக்கு ஓய்வுப் பரிசாகக் கொடுக்க இந்தச் சிலைகளைப் படமெடுத்தார். அங்கிகள் மேல் பனி, மங்கிய வெளிச்சம். நிஜ ஆட்களா சிலைகளா என்று ஒரு நொடி தடுமாறவைக்கும் படம். போர்நிறுத்தத்தின் 50-ஆம் ஆண்டில், 2003-இல், அமெரிக்க அஞ்சல் துறை அதையே 37 சென்ட் தபால்தலையாக வெளியிட்டது. அச்சிடும்போது இன்னும் சாம்பலாக்கினார்கள். படமெடுத்தவரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்தார்கள். சிற்பியிடம் கேட்கவில்லை.

கேலார்ட் வழக்குப் போட்டார். 2008-இல் கீழ் நீதிமன்றம், பனியும் அடங்கிய ஒளியும் சேர்ந்து படத்துக்கு வேறொரு தன்மை வந்துவிட்டது, அதனால் அது சிற்பியின் அனுமதி தேவையில்லாத நியாயமான பயன்பாடு என்றது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பனியைச் சேர்த்ததாலும் நிறத்தை மங்கவைத்ததாலும் படைப்பின் குணம் மாறிவிடவில்லை, சிற்பமும் தபால்தலையும் ஒரே நோக்கத்துக்காக, அந்த வீரர்களுக்கு மரியாதை செய்வதற்காகத்தான் இருக்கின்றன என்று தீர்ப்பு. 2013-இல் இழப்பீடு 6,84,844 டாலருக்கு மேல் என்று முடிவாகி, 2015-இல் மேல்முறையீட்டிலும் உறுதியானது.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றினாலே புதிய படைப்பு ஆகிவிடுகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நிறத்தை மங்கச்செய்வது மட்டும் அதற்குப் போதாது என்று ஒரு நீதிமன்றம் இந்தச் சிலைகளை வைத்தே சொல்லியிருக்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுக் கலையாகப் பார்த்தாலும் எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. படத்தில் நம் பங்கு இருக்கவேண்டும் என்றால் எங்கே நின்றோம், எதைச் சேர்த்தோம், எதை வெளியே தள்ளினோம் என்பதில் இருக்கவேண்டும்.

#9 | கல்லூரிச்சாலை

தேன்சிட்டு அக்கா, அப்படியானால் நாம் எடுத்த படத்தை இணையத்தில் போடுவதே தவறா? ஊரில் சிலைகளை எடுப்பதும் இப்படித்தானா? கல்லூரிக் கண்காட்சிக்கு ஒரு தொகுப்பு தயார் செய்துகொண்டிருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

#10 | தேன்சிட்டு

பயப்படாதே தம்பி. இந்தியாவில் 1957 பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிற்பத்தைப் படமெடுப்பதையும் அந்தப் படத்தை வெளியிடுவதையும் மீறலாகக் கருதுவதில்லை. அமெரிக்காவில் அந்தச் சலுகை கட்டடங்களுக்கு மட்டும், சிற்பங்களுக்கு இல்லை. கொரிய நினைவிட வழக்கு கோடிக்கணக்கில் அச்சடித்து விற்ற தபால்தலை பற்றியது, வீட்டு ஆல்பம் பற்றியது இல்லை. ஆனால் அமெரிக்கச் சிலைப் படத்தை நாள்காட்டியிலோ சட்டையிலோ அச்சிட்டு விற்க நினைத்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் செய்யாதே. கண்காட்சிக்கும் சிற்பியின் பெயரைப் படத்துக்குக் கீழே எழுதிவிடு. அது சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் செய்யவேண்டியது.

#11 | பொட்டோமாக்கரை

கொரியச் சிலைகளுக்குச் செய்முறைக் குறிப்பு. எஃகுக்குச் சொந்த நிறம் கிடையாது, வானத்தை வாங்கிக் காட்டும். நிழலில் நிற்கும் சிலை நீலமாக விழும், மாலையில் ஒரு கன்னம் ஆரஞ்சு, மறு கன்னம் நீலம். வண்ணத்தில் எடுப்பவர்கள் ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் அந்த நீலத்தைத் துடைத்துவிடும். பகல்வெளிச்ச அளவிலேயே வைத்து கேமரா திருத்தாத ரா கோப்பில் எடுங்கள். அந்தக் குளிர் அந்த இடத்துக்குத் தேவை. கொரியாவில் பலரைக் கொன்றது குளிர்.

கறுப்பு வெள்ளையில் சிவப்பு ஃபில்டர், அல்லது லைட்ரூம் மென்பொருளில் நீலத்தைக் கீழே இறக்குவது. வானத்தை வாங்கிய மடிப்புகள் கறுத்து, வெயில் பட்ட மடிப்புகள் வெளுத்து, அங்கி காற்றில் அடிக்கிற மாதிரி வரும். புதரின் பச்சையையும் இறக்கினால் தரை இருண்டு ஆட்கள் முன்னே வருவார்கள். ஏற்றினால் புதர் வெளிறிப் பனி விழுந்த நிலம்போல ஆகும். பனி உண்மையாகவே விழுந்திருந்தால் மீட்டரை ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள், வியட்நாம் சுவருக்கு நேர் எதிர். போலரைசர் எஃகில் அவ்வளவாக வேலை செய்யாது, உலோகப் பளபளப்பை அது அடக்காது.

#12 | ஓசூர்க்கல்

கொரிய நினைவிடத்தில் வடக்கு நடைபாதை ஓரக்கல்லைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். ஐ.நா. கொடியின்கீழ் உதவிய 22 நாடுகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன, இந்தியாவும் ஒன்று. நாம் சண்டைக்கு ஆள் அனுப்பவில்லை, 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பினோம். தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். 1951 மார்ச்சில் முன்சான் பகுதியில் அமெரிக்கப் படையோடு அவர்களும் பாராசூட்டில் குதித்துக் காயம்பட்டவர்களைப் பார்த்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. அந்தக் கல்லைத் தரையோடு தரையாகக் குனிந்துதான் எடுக்கவேண்டும், ஆள் நடமாட்டம் வேறு. நம்மவர்கள் எடுத்த நல்ல படம் ஒன்றை இந்த இழையில் பார்க்க ஆசை.

#13 | செம்பருத்தி

யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். சுவரில் கை வைத்து அழுகிறவரை எடுக்கலாமா?

நான் எடுப்பதில்லை. கையை மட்டும் எடுப்பேன், அதுவும் அவர் நகர்ந்தபிறகு கேட்டுவிட்டு. கறுப்பு வெள்ளையாக்கிவிட்டால் முகம் அடையாளம் தெரியாது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அது தவறு. தெரிந்தவர்களுக்குத் தெரியும். கறுப்பு வெள்ளை துக்கத்தை அழகாக்கிவிடும், அழகானதும் எடுத்தவருக்கு உரிமை வந்தமாதிரி ஆகிவிடும். வண்ணத்தில் அந்த அம்மாளின் கைப்பையும் கடைப் பையும் தெரியும்போது, அவர் யாரோ ஒரு வீட்டிலிருந்து வந்த மனுஷி என்பது உறைக்கிறது. எடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

#14 | படச்சுருள்

இது கனமான வாதம். பல வருடமாக எடுத்த என் படங்களை அந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்கிறேன். பெயர் மட்டும் உள்ளவை கறுப்பு வெள்ளையாக நிற்கட்டும். ஆட்கள் முன்னால் வருகிற படத்துக்கு மழைத்தூறல் சொல்லும் நியாயம் பொருந்துகிறது. போனவர்கள் பக்கம் நின்று எடுத்தால் ஒன்று, வந்தவர்கள் பக்கம் நின்று எடுத்தால் இன்னொன்று. இப்போதைக்கு இவ்வளவு தூரம் வருகிறேன்.

#15 | மழைத்தூறல்

அந்த அளவுக்கு நானும் வருகிறேன் ஐயா. போலரைசரைத் திருப்பிப் பிம்பம் மறைந்து பெயர் மட்டும் நிற்கிற படத்தில் வண்ணத்துக்கு வேலையில்லை, அதைக் கறுப்பு வெள்ளையில் வைக்க எனக்குத் தடையில்லை. பிம்பம் உள்ளே வந்தால் வண்ணம்தான்.

கல்லூரிச்சாலை தம்பி, கண்காட்சிக்கு இரண்டையும் கலந்து மாட்டினால் பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று நினைக்காதே. ஒரு பக்கச் சுவரில் பெயர்கள், எதிர்ச் சுவரில் ஆட்கள் என்று பிரித்து மாட்டு.

#16 | கல்லூரிச்சாலை

நன்றி அண்ணா, அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று: சுவர்ப் படங்களைப் பளபளப்பில்லாத மேட் தாளில் போட்டுப் பார்த்தேன், கல் கறுப்பாக வராமல் கரும்பலகைபோலச் சாம்பலாக வருகிறது. ஃபைலில் கறுப்பு நன்றாக இருக்கிறது.

#17 | படச்சுருள்

தாள்தான் காரணம். மேட் தாள் மையை உறிஞ்சிவிடும், அதில் கிடைக்கும் அதிகபட்சக் கறுப்பே அவ்வளவுதான். இந்தக் கல்லுக்கு பரைட்டா என்ற பூச்சுத் தாள் வாங்கு, அடர்த்தி கிடைக்கும், மெல்லிய பளபளப்பும் இருக்கும். பிரிண்டரில் பளபளப்புத் தாளுக்கான போட்டோ பிளாக் மைக்கு மாற்ற மறக்காதே, மேட் பிளாக்கிலேயே விட்டால் பரைட்டாவில் படியாது. கண்ணாடிச் சட்டம் போடாதே, கண்காட்சி விளக்கு அதில் அடித்து எதிர்ச் சுவரெல்லாம் தெரியும். முதலில் சின்ன அளவில் ஒரு துண்டு அச்சிட்டு, நீ மாட்டப்போகிற அறை வெளிச்சத்திலேயே வைத்துப் பார். பெயர் படிக்க முடிந்தால் பெரிது போடு.

#18 | தேன்சிட்டு

ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள் தம்பி: கொரியச் சிலைப் படங்களை மேட் தாளிலேயே போடு. எஃகின் சாம்பலும் பனியும் அதில்தான் நன்றாக வரும். அச்சானதும் இங்கே ஒரு படம் போடு, பார்க்கிறோம்.